மாட்டுக்கு நிழல் உண்டு, ஆளுக்கு?

(பண்ணை ஒலிபரப்பில் மணிலா சாகுபடி செய்யும் விவசாயி ஒருவர் ஆற்றிய உரை)



ஒரு கேள்வியோடு பேச்சை ஆரம்பிக்கிறேன். ஏர் பூட்டிய மாட்டை நாம் எப்போது அவிழ்த்து விடுவோம்? கருக்கலில் பூட்டினால், வெயில் உறைக்கிற நேரத்துக்கு அவிழ்த்து விடுவோம். மரத்தடியில் கட்டி, தண்ணி காட்டி, வைக்கோல் போட்டுவிட்டுத்தான் நாம் சாப்பிட உட்காருவோம். நாக்கைத் தள்ளிக்கொண்டு நிற்கிற மாட்டை உச்சி வெயிலில் அடித்து ஓட்டினால், பக்கத்துக் கொல்லைக்காரர் சும்மா இருக்க மாட்டார். "ஏம்ப்பா, வாயில்லா ஜீவனை இப்படி வதைக்கிறியே" என்று நாலு வார்த்தை கேட்டுவிடுவார். இன்றைக்கு ஏர் மாடு குறைந்து டிராக்டர் வந்துவிட்டது. ஆனாலும் அந்த வழக்கம் நமக்கு மறக்கவில்லை.

அதே கொல்லையில் களை எடுக்கிற ஆட்களை எப்போது கரையேறச் சொல்கிறோம்? காலை ஒன்பது மணிக்கு இறங்கி, உச்சிப்பொழுது முழுக்கக் குனிந்த முதுகோடு வேலை செய்கிறார்கள். வாய் இருக்கிற ஜீவன்தான். ஆனால் கூலிக்கு வந்த இடத்தில் வாயைத் திறந்து கேட்பது அவ்வளவு சுலபமா?

இதை நான் பிறருக்குச் சொல்லும் புத்தியாகச் சொல்லவில்லை. நானே செய்த தப்பு இது. அதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

என் கொல்லையில் நடந்தது

எனக்கு இரண்டரை ஏக்கர். இறவையில் மணிலா போடுகிறேன். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். மார்கழிப் பட்டத்தில் விதைத்தால் பங்குனிக் கடைசி, சித்திரையில் அறுவடை. செடியைப் பிடுங்கிக் குவியல் போட்டு, பெண்கள் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்வார்கள். குவியல் எங்கே இருக்கிறதோ அங்கேயே உட்காருவார்கள். அது வெட்டவெளி. தலையில் ஒரு துண்டு, அவ்வளவுதான் நிழல்.

அப்படி ஒரு சித்திரையில், பகல் பன்னிரண்டு மணி தாண்டி, எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் உட்கார்ந்த வாக்கிலேயே சாய்ந்துவிட்டார். கூப்பிட்டால் பதில் குழறுகிறது. உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது. தூக்கிப் போய் கிணற்றடி வேப்ப மரத்தடியில் போட்டு, குடம் குடமாய்த் தண்ணி ஊற்றி, வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இரண்டு மாதம் வேலைக்கு வர முடியவில்லை.

பார்க்கப் போனபோது, "ஏன் பெரியம்மா, தண்ணி குடிக்காம இருந்தீங்களா? கிணத்தடியில குடம் வெச்சிருந்தேனே" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"தண்ணி குடிச்சா ஒதுங்கணுமே தம்பி. அந்த வெட்டவெளியில எங்க போய் ஒதுங்கறது? அதனால நாங்க யாருமே வேலைக்கு வந்தா தண்ணி குடிக்க மாட்டோம்."

எத்தனையோ வருஷமாக என் கொல்லைக்கு வருகிறவர்கள். எனக்கு இது தெரியாது. உரம் எத்தனை மூட்டை, ஜிப்சம் எத்தனை கிலோ என்று கணக்குத் தெரிகிற எனக்கு, என் கொல்லையில் வேலை செய்கிறவர்கள் தாகத்தோடு வேலை செய்கிறார்கள் என்பது தெரியவில்லை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

டீசல் இஞ்சின் ஓடும்போது சூடாகிறது. தண்ணி ஓட்டம் இருந்தால்தான் அது தாங்கும். மனித உடம்பும் அப்படித்தான். நாம் உழைக்கும்போது செலவாகிற சக்தியில் கால் பங்குக்கு மேல் வேலையாக மாறுவதில்லை. முக்கால் பங்கு சூடாகத்தான் வெளியே வருகிறது. அந்தச் சூட்டை வியர்வை ஆற்றுகிறது. வியர்வை வழிந்தால் மட்டும் போதாது, காற்றில் உலர வேண்டும். உலர்ந்தால்தான் குளிர்ச்சி. கடலோரத்திலும் நெல் வயலிலும் காற்று ஈரமாக இருப்பதால் வியர்வை சட்டென உலராது. அதனால்தான் அங்கே வெயில் குறைவாகத் தெரிந்தாலும் புழுக்கத்தில் ஆள் சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறார்.

கடும் வேலையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரை வியர்வை போகலாம். ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு லிட்டர் என்பது உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. அந்த அளவு வற்றினாலே வேலை செய்யும் சக்தி குறைய ஆரம்பிக்கிறது. இருதயம் ஒரு பக்கம் தசைக்கும், இன்னொரு பக்கம் சூட்டை ஆற்றத் தோலுக்கும் ரத்தத்தை அனுப்பியாக வேண்டும். ரத்தத்தில் தண்ணி வற்றினால் இரண்டுக்கும் பற்றாது. அப்போது உடம்பு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. மதியத்துக்கு மேல் கை ஓடவில்லை என்றால் நாம் என்ன சொல்கிறோம்? "ஆளுங்க ஏமாத்துறாங்க" என்கிறோம். ஏமாற்று இல்லை ஐயா, அது உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற வழி.

சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 2019-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வெப்பம் 33, 34 டிகிரியைத் தொட்டால், நடுத்தரமான உடல் உழைப்பு செய்கிறவர் தன் வேலைத்திறனில் பாதியை இழக்கிறார் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. அப்படியானால் முழுக் கூலி கொடுத்து, மதியத்துக்கு மேல் பாதி வேலைதான் வாங்குகிறோம். மீதிப் பாதியை வெயில் வாங்கிக்கொள்கிறது.

உப்பளமும் கரும்புக் காடும்

மயக்கத்தோடு இது நின்றுபோவதில்லை. சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்து, 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு மீறிய வெப்பத்தில் வேலை செய்வது தெரிந்தது. நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகம் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. வருஷக்கணக்கில் தண்ணி வற்றிய உடம்போடு உழைத்தால் பாதிப்பு அதுவரைக்கும் போகலாம் என்று தெரிகிறது.

கடல் தாண்டி, மத்திய அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே கரும்பு வெட்டுகிற ஆட்களில் ஆயிரக்கணக்கானோர், நல்ல வாலிப வயதில், சர்க்கரை வியாதியோ ரத்தக்கொதிப்போ இல்லாமலே சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார்கள். வெயிலில் கடும் உழைப்பும் நீர் வற்றலும் முக்கியமான காரணங்கள் என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து. அதனால் எல் சால்வடார் நாட்டில் 2014-15 வெட்டுப் பருவத்தில் ஒரு முயற்சி செய்தார்கள். வயலோடு நகர்த்துகிற நிழல் பந்தல், முதுகில் மாட்டிக்கொள்ளும் தண்ணிப் பை, நேரம் வைத்து ஓய்வு, கைக்கு வாகான வெட்டுக்கத்தி, இவ்வளவுதான் கொடுத்தார்கள்.

ஓய்வு கொடுத்தால் வெட்டு குறையும் என்றுதானே நினைப்போம்? ஆள் ஒன்றுக்கு நாளைக்கு 5.1 டன் வெட்டியவர்கள் பிறகு 7.3 டன் வரை வெட்டினார்கள். நிழலால் மட்டும் இது நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். கத்தியும் மாறியது, வேலை முறையும் மாறியது. ஆனால் உட்கார்ந்து ஓய்வெடுத்ததால் வேலை கெடவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

நிழல்

இனி நம் கொல்லைக்கு வருவோம். அடுத்த அறுவடைக்கு நான் செய்த முதல் காரியம், நாலு சவுக்குக் கழியும் பத்துப் பன்னிரண்டு தென்னங்கீற்றும் வைத்து ஒரு பந்தல். கழியை ஆழமாக ஊன்றவில்லை. வேலை நகர நகர நாலு பேர் தூக்கி நகர்த்துகிற மாதிரி கட்டினேன். பக்கவாட்டில் அடைக்கக் கூடாது, காற்று ஊடாட வேண்டும். ஆள் நிமிர்ந்து நிற்கிற உயரம் இருக்கட்டும். கறுப்புத் தார்ப்பாய் போட்டால் கீழே அடுப்பு மாதிரி காயும். கீற்று இல்லை என்றால் வெளுத்த சாக்குகளைத் தைத்துப் போடலாம்.

மணிலாவில் ஒரு வசதி இருக்கிறது. செடியைக் காலை வேளையில் பிடுங்கிவிட்டு, வெயில் ஏறியதும் பந்தலுக்குக் கொண்டுவந்து காய் ஆயலாம். களை எடுப்பு, நடவு போன்ற வேலைகளுக்குப் பந்தலை நகர்த்திக்கொண்டு போக முடியாதுதான். அங்கே ஓய்வுக்காவது வரப்போரம் ஒரு நிழல் இருக்க வேண்டும். நெடுநாளைக்கு என்றால் கிணற்று மேட்டிலும் களத்து ஓரத்திலும் வண்டிப்பாதை ஓரத்திலும் ஒரு புங்கனோ வேம்போ வையுங்கள். நம் பெரியவர்கள் வைத்த மரத்தடியில்தானே இன்றைக்கும் சோற்றுத் தூக்கைப் பிரிக்கிறோம்.

தண்ணி

தண்ணி கொல்லையில் எங்கேயோ இருந்தால் போதாது, ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பர்லாங் தூரத்தில் தண்ணி இருந்தால், போய்க் குடித்துவிட்டு வரப் பத்து நிமிஷம். பத்து ஆள், ஆளுக்கு மூன்று தடவை. மொத்தம் 300 நிமிஷம், அதாவது ஐந்து மணி நேரம். ஒரு ஆளின் முக்கால் நாள் வேலை நடையிலேயே போகிறது. ஒரு மண்பானையின் விலை அதற்கு ஈடாகுமா?

பானையைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டி, மூடி போட்டு, நீளக் காம்பு வைத்த மொண்டு எடுக்கிற அகப்பையோடு நிழலில் வையுங்கள். கால் மணிக்கு ஒரு தடவை, போனால் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஒரு டம்ளர், அதாவது கால் லிட்டர் போல் குடிக்க வேண்டும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தாகம் தெரிவதற்கு முன்பே உடம்பு வற்ற ஆரம்பித்துவிடும். அதற்காக ஒரேயடியாகவும் குடிக்கக் கூடாது. மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம்.

வியர்வையோடு உப்பும் போகிறது. அதற்கு நம் வீட்டிலேயே மருந்து இருக்கிறது. உப்புப் போட்ட நீராகாரம், நீர்மோர், கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ் எல்லாம் நல்லது. ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் உப்பு விஷயத்தில் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். போதிய தண்ணி உடம்பில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய அடையாளம் உண்டு. சிறுநீர் வெளிறிய வைக்கோல் நிறத்தில் போனால் சரி. கடும் டீ நிறத்தில் போனால் உடம்பு வற்றிவிட்டது என்று அர்த்தம்.

ஒதுங்க ஓர் இடம்

பெரியம்மா சொன்னாரே, அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஒதுங்க இடம் இல்லை என்றால் பானை நிறையத் தண்ணி வைத்தும் பிரயோஜனம் இல்லை. கொல்லையின் ஒரு மூலையில், கிணற்றுக்குத் தள்ளி, மூன்று கீற்றுத் தட்டி கட்டி, முன்னால் ஒரு சாக்குத் திரை விட்டு, ஒரு குடம் தண்ணி வைத்தேன். ஒரு சின்னக் குழி, பக்கத்தில் மண். அரை நாள் வேலைதான். இதைச் செய்துவிட்டு நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்காரியை விட்டுச் சொல்லச் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலம் பார்த்தால் பானையில் தண்ணி இல்லை. மறுநாள் இரண்டு பானை வைக்க வேண்டியதாயிற்று.

நேரம்

"காலை ஆறு மணிக்கே வந்துடுங்க, பதினொன்றுக்குக் கரையேறிடலாம்" என்று முதலில் நானே முடிவு பண்ணிச் சொன்னேன். பெண்கள் சிரித்தார்கள். "ஆறு மணிக்கு வந்தா பிள்ளைங்களுக்கு யார் சோறாக்கறது, தம்பி நீ வந்து ஆக்கறியா?" என்றார்கள். அவர்கள் கேட்டது நியாயம். அதனால் பேசி, ஆறரைக்கு இறங்குவது, எட்டரைக்கு டிபனுக்கு அரை மணி, பன்னிரண்டுக்குக் கரையேறுவது என்று வைத்தோம். மீதி வேலை இருந்தால் சாயங்காலம் மூன்றரைக்கு மேல். நேரத்தை மாற்றும்போது வருகிறவர்களைக் கேட்டு மாற்றுங்கள். நேரம் குறைந்துவிட்டது என்று கூலியைக் குறைக்காதீர்கள். நமக்கு வேண்டியது முடிந்த வேலை. வெயிலில் நின்ற மணிக்கணக்கு நமக்கு எதற்கு?

கடும் வெயிலில் மணிக்குப் பத்து நிமிஷம் நிழலில் உட்காரச் சொல்லுங்கள். நீங்களும் கூட உட்காருங்கள். முதலாளி நின்றுகொண்டிருந்தால் யாரும் உட்கார மாட்டார்கள். வெயில் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும், காய்ச்சலில் கிடந்து எழுந்து வருகிறவர்களுக்கும் முதல் நாளே முழு வேலை கொடுக்க வேண்டாம். உடம்பு வெயிலுக்குப் பழக ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.

கருவி

ஒரு மழுங்கின அரிவாள் ஒரு ஆள் சக்தியைத் தின்னும். காலையில் கால் மணி நேரம் சாணை பிடிப்பது வீண் நேரம் அல்ல. களைக்கொத்துக் காம்பு பிளந்து துணி சுற்றியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். கொப்புளம் வந்த கை எப்படி ஓடும்? காம்பைப் பிடித்தால் கட்டைவிரல் ஆள்காட்டி விரல்மேல் படிய வேண்டும். ஒண்ணேகால் அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலம் கனம் பெரும்பாலான கைகளுக்குப் பொருந்தும். ஆண்கள் கைக்குச் செய்த கனத்த மண்வெட்டியைப் பெண்கள் கையில் கொடுத்துவிட்டு வேலை ஓடவில்லை என்று சொல்லக் கூடாது.

குனிந்தே செய்கிற வேலையை நிமிர்ந்து செய்ய வழி இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வரிசை நடவு செய்த நெல்லில் கோனோ வீடரை நின்றபடியே தள்ளலாம். பிடி இடுப்புக்கு மேல், முழங்கைக்குக் கீழ் இருக்கட்டும். வயலில் மெல்லிய தண்ணி நிற்க வேண்டும், காய்ந்த சேற்றில் தள்ளினால் தோள் கழன்றுவிடும். ஒருவரே நாள் முழுக்கத் தள்ளாமல் இரண்டு பேர் மாற்றி மாற்றித் தள்ளட்டும். காய் ஆய்கிறவர்களுக்கு உட்கார ஆளுக்கொரு சின்ன மணைக்கட்டை போட்டேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து முழங்கால் மரத்துப்போவது நின்றது.

ஆபத்து வந்தால்

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கெண்டைக்காலில் தசை இழுப்பு வந்தால் உடனே நிழலுக்குக் கூட்டிவந்து தண்ணி கொடுங்கள். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணியில் ஆறு சமமட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொடுக்கலாம். பேச்சு குழறினாலோ, நினைவு தப்பினாலோ, வலிப்பு வந்தாலோ அது வெப்பத்தாக்கு. உயிருக்கே ஆபத்து. 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வருகிற வரைக்கும் உடம்பு முழுக்கத் தண்ணி ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

செலவா, வரவா?

"கூலியும் கொடுத்து, பந்தலும் போடணுமா?" என்று என் பங்காளி ஒருவர் கேட்டார். பந்தல் போட்ட வருஷம், முந்தின வருஷம் ஐந்து நாள் இழுத்த காய் ஆய்வு நாலு நாளில் முடிந்தது. காய் பிடிப்பு வருஷத்துக்கு வருஷம் மாறும், அதனால் எல்லாம் பந்தலின் மகிமை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று சொல்லுவேன். ஆள் கிடைக்கவில்லை என்று ஊரெல்லாம் அலைகிற காலத்தில், "தம்பி கொல்லையில நிழல் இருக்கு" என்று எனக்கு ஆள் வருகிறது. கீற்றும் கழியும் அடுத்த வருஷத்துக்கும் ஆகும்.

"எனக்கு ஒரு ஏக்கர், நானும் வீட்டுக்காரியும்தான் வேலை, எனக்கெதுக்கு இதெல்லாம்?" என்று சிலர் நினைக்கலாம். உங்களுக்குத்தான் இது முதலில் வேண்டும். ஆள் விழுந்தால் வேறு ஆள் வைக்கலாம். நீங்கள் விழுந்தால் கொல்லையே விழுந்துவிடும்.

தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. புயலையும் வெள்ளத்தையும் போல வெயிலும் ஆளைக் கொல்லும் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது. புயல் வந்தால் நாம் ஒன்றும் செய்ய முடியாது. வெயிலுக்கு நாலு கழியும் ஒரு பானையும் மூன்று தட்டியும் போதும்.

அந்தப் பெரியம்மா இன்றைக்கும் காய் ஆய வருகிறார். முன்போல முழு நேரம் முடியாது, பந்தலில் உட்கார்ந்து முடிந்ததைச் செய்கிறார். பானையிலிருந்து மொண்டு குடிக்கும்போது என்னைப் பார்த்தால், "குடிச்சுட்டேன் தம்பி, குடிச்சுட்டேன்" என்று சிரிப்பார்.

நாளைக் காலையில் கொல்லைக்குப் போகும்போது ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். மாடு கட்ட எங்கே நிழல் என்பது உங்களுக்குத் தெரியும். ஆள் உட்கார எங்கே நிழல் என்று பாருங்கள்.